கத்தாமல் போட்ட ஈஸ்ட்

அன்புள்ள அம்மாவுக்கு, ஷூர் எழுதுவது. லேசான இருமலைத் தவிர, நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

என் அறைத்தோழன் ஐலெர்ட்டுக்கு நெஞ்செல்லாம் சுரங்கத் தூசி. டாக்டர் கைவிரித்துவிட்டார். நம் ஊர் வழக்கப்படி சாவு வீட்டுக்கு பீர் வேண்டுமே என்று, அறையை ஒட்டிய அடுக்களையில் காய்ச்சி, நீ துணியில் உலர்த்திக் கொடுத்த ஈஸ்ட்டைப் போட்டேன். போடும்போது உரக்கக் கத்தினால்தான் வீரியம் ஏறும் என்பாய். அவனும் நம் ஊர்க்காரன், காதில் விழுந்தால் புரிந்துவிடுமே என்று கத்தவில்லை. இந்தக் குளிரில் மெதுவாகத்தான் பொங்கும் என்றிருந்தேன். விடிவதற்குள் நுரை வழிந்து அவன் கட்டிலடிக்கே வந்துவிட்டது.

"எனக்குத்தானேடா காய்ச்சுற? ஒரு குவளை கொடு," என்றான். குடித்துவிட்டு, "இன்னும் இனிக்குதே, வீரியமே ஏறல. கத்தாமயா போட்ட?" என்று சிரித்தான்.

நேற்று அடக்கம் செய்தோம்.

இருமல்தான் விடமாட்டேன் என்கிறது; கம்பளிக் காலுறையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் அனுப்பு. தபால் கப்பல் சங்கு ஊதுகிறது, முடிக்கிறேன். இந்த முறை கத்தியே போடுகிறேன்; அறையில் இப்போது நான் மட்டும்தான்.

ஷூர்