சங்கு தெரியாத நீலத் தபால்தலை

அன்பு ராகவா,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதத் துணியாதவன் இன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் அந்த நீலத் தபால்தலையால்தான். திருவாங்கூர் சமஸ்தானத்துக் காசுக் கணக்கில் ஒரு சக்கரம் விலை. படிப்பகத்தில் நாலு பேர் நடுவில் நான் ‘போலி’ என்று தூக்கிப் போட்டேனே, அதே.

சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்து, அவற்றின் தபால்தலைகள் செல்லாமல் போனதும் சேகரிப்பவர்களிடம் அவற்றுக்கு மவுசு கூடிவிட்டது. மவுசு வந்த கையோடு போலியும் வந்தது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைக் கண்டுபிடிக்கிற ஆள் நான்தான் என்று எனக்கே ஒரு நினைப்பு. ‘பழவேற்காட்டுக்காரன் வாய்க்குப் பூட்டு இன்னும் செய்யவில்லை’ என்று நீ என்னைக் கேலி செய்வாய்.

அன்றும் அப்படித்தான். கறுப்புத் தட்டில் உன் தபால்தலையைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு சொட்டு பெட்ரோல் விட்டேன். திருவாங்கூர்க் காகிதம் என்றால், நனைந்ததும் உள்ளே நீர்க்குறியாக ஒளிந்திருக்கும் சங்கு தெரிய வேண்டும். தெரியவில்லை. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வளைவு மட்டும் இருந்தது. அதைக் காகித மடிப்பு என்று தள்ளிவிட்டேன். நீ தபால்தலையைத் துடைத்து எடுத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் உன்னோடு தபால்தலை மாற்றிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. நீயும் படிப்பகத்துக்கு வருவதை நிறுத்தினாய். கோயில் வேலை அதிகமோ என்று எண்ணிக்கொண்டேன். இல்லை, அப்படி எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாம் பேசித் தீர்க்கவே இல்லை.

போன வாரம் வேதவல்லி அண்ணி வரச் சொல்லி ஆளனுப்பினார். உன் மகள் ஆண்டாள் பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் உன் ஆல்பத்தை வைக்கப்போகிறாளாம். அண்ணி அதை என் முன்னால் வைத்தார்.

“போலி எதாவது இருந்தா எடுத்துடுங்கோ. நாலு பேர் பார்த்து அவர் பேரைச் சொல்லிச் சிரிக்கப்படாது.”

நான் முதலில் எடுத்தது அந்த நீலத்தைத்தான். உன் பேரைக் காப்பாற்றுகிறேனாம்.

ஒப்பிட்டுக் காட்டுவதற்காக என் ஆல்பத்தையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு பெருநாளைக்கு நீ உறையில் போட்டுக் கொடுத்த நீல ஒரு சக்கரம் அதில் இருக்கிறது. உள்ளே சங்கு பளிச்சென்று தெரியும். ‘அசல் என்றால் இது’ என்று ஊரெல்லாம் காட்டிய தபால்தலை. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதன் வலது ஓரத்தில் அஞ்சல் முத்திரை பாதி. உன்னுடையதன் இடது ஓரத்தில் மீதிப் பாதி. மெல்ல நகர்த்தினேன். வட்டம் முழுசானது. ஓரத்துப் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தின. ஒரே கடிதத்தில் ஜோடியாக ஒட்டி வந்தவை, ராகவா.

இரண்டையும் சேர்த்தே தட்டில் போட்டுப் பெட்ரோல் விட்டேன். என்னுடையதிலிருந்த சங்கின் வால் உன்னுடையதற்குள் நீண்டிருந்தது. நான் மடிப்பு என்றது அந்த வாலைத்தான். காகிதத்தில் சங்குகள் இடைவெளி விட்டுத்தான் இருக்கும். சில தபால்தலைக்கு முழுச் சங்கு கிடைக்கும், சிலதுக்கு ஒன்றும் கிடைக்காது. இது எனக்குத் தெரியாததா? அன்று வாய் முந்திக்கொண்டது.

ஜோடியைப் பிரித்தபோது சங்கு உள்ளதை எனக்குக் கொடுத்துவிட்டு, இல்லாததை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய். அதை அன்றே சொல்லியிருக்கலாமே. கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்தாயா? இல்லை, அத்தனை பேர் முன்னால் நான் தலைகுனிவதைப் பார்க்க உனக்கு மனம் வரவில்லையா?

நீ ஏன் சொல்லவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

“‘காதர் என்னைக்காவது ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்ப்பான். பார்த்தான்னா வந்துடுவான்’னு சொல்லிண்டிருப்பார். எதைன்னு எனக்கு இப்பத்தான் புரியறது. நீங்களும் வந்துட்டேள்.”

உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆண்டாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷன் மாஸ்டர் நாயுடுவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூத்தவர் அவர்தானே. விஷயத்தை முழுசாகக் கேட்டார்.

“இன்னா பாய் இது. நீ சொன்னேன்னுதானே நாங்கல்லாம் ராகவ ஐயங்கார்கிட்ட மாத்திக்கினு இருந்ததை வுட்டோம். நான் சொன்னா சரிப்படாது, நைனா. நீயே எல்லார் எதிர்லயும் சொல்லிடு.”

அவர் சொல்வது நியாயம். போலி என்று சொன்ன வாயே அசல் என்றும் சொல்ல வேண்டும். பொருட்காட்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை. நம் ஆட்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். ஆண்டாள் இப்போதே கறுப்பு அட்டை வெட்டி வைத்துவிட்டாள். என்னிடம் சங்கு, முத்திரை, பல் என்று கேள்வி மேல் கேள்வி. உன்னைப் போல் இல்லை, என்னைப் போல் பேசுகிறாள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். அந்த அட்டையில் இரண்டு நீலத்தையும் முத்திரை வட்டம் முழுசாகத் தெரியும்படி சேர்த்து வைப்போம். மேலே உன் பெயர் மட்டும். பக்கத்தில் நின்று, தவறாகச் சொன்னது நான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்வேன். பொருட்காட்சி முடிந்தாலும் ஜோடியைப் பிரிக்க மாட்டேன், அது உன் ஆல்பத்திலேயே இருக்கும். என் ஆல்பத்தில் அந்த இடம் இனி காலி. அங்கே இருந்தது எங்கே என்று யாராவது கேட்டால், “அது ஊட்டுக்குப் போயிக்குதுபா” என்பேன்.

இப்படிக்கு,
உன் ஆண்டாளுக்குச் சித்தப்பன்,
காதர்