பட்டியலில் மேலே நின்ற பெயர்

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கூடத்துக்கு வெந்நீர்க் குழாய் போக வேண்டிய இடத்தில் வெள்ளைக் குழாய் போயிருக்கிறது. நேற்று மதியம் அது உப்பி வெடித்து, இஸ்திரி மேஜை அருகில் நின்ற பெண்ணின் இரண்டு காலும் முழங்கால் வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

வெள்ளைக் குழாய் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாமான். கொதிக்கிற தண்ணீர் ஒரு வாரம் போனால் அது வெந்த குடல் மாதிரி ஆகிவிடும். ரப்பர் வியாபாரத்தில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியும். போயிருக்கிறது என் கிடங்கிலிருந்துதான்.

சரக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'வெள்ளைக் குழாய் முக்கால் இன்ச், நாற்பது மீட்டர்.' அச்சு அசலாக அப்படித்தான் இருக்கிறது. கிடங்குக்காரர் சீட்டில் உள்ளதை வெட்டிக் கொடுத்திருக்கிறார். சீட்டை அடித்தது எங்கள் டைப்பிஸ்டம்மா.

கூப்பிட்டுக் கேட்டேன். சீட்டைப் பார்த்துவிட்டு, "என் கை இப்படி அடிக்காது முதலாளி" என்றார்.

"பின்னே யார் கை அடிச்சது? என் கையா? ஒருத்தி காலை வேக வெச்சுட்டு நிக்கிறீங்க, கையைப் பத்திப் பேசுறீங்க!"

கிடங்கில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

மார்ச் 5, புதன்

டைப்பிஸ்டம்மா வந்தார், மேஜைச் சாவியை வைத்தார், போய்விட்டார். நான் இருங்கள் என்று சொல்லவில்லை. பதினோரு வருடம் ஒரே நாற்காலி. போகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

வேறு ஆள் கிடைக்கும் வரை நானே அடிக்கிறேன். காலையிலிருந்து பதினேழு சீட்டு. அவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை நான் நாள் முழுக்க உட்கார்ந்து முடித்தேன். முதுகு இரண்டாகப் பிளந்துவிட்டது.

எங்களுடையது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. வெறும் எழுதுகிற பக்கம் — எடிட்டர் என்பார் மாப்பிள்ளை. என் மகளைக் கட்டியவர். கணினிதான் அவர் தொழில். அறுநூறு சரக்கின் பெயரை அதற்குள் போட்டு வைத்திருக்கிறார். ஓரிரு எழுத்து அடித்தால் பொருந்தும் பெயர்கள் கீழே வரிசையாக விழும். என்டர் தட்டினால் மேலே நிற்பது சீட்டில் ஏறிக்கொள்ளும்.

முன்னெல்லாம் பெயரின் ஆரம்பத்தை அடித்தால்தான் வரும். அது எனக்குத் தொல்லை. சரக்கை நான் பெயரால் நினைப்பவன் இல்லை, உபயோகத்தால் நினைப்பவன். 'முக்கால்' என்று அடிப்பேன், வராது. 'தோட்டம்' என்று அடிப்பேன், வராது. ஜனவரியில் மாப்பிள்ளை சாப்பிட வந்தபோது, "எந்தத் துண்டை அடிச்சாலும் வரணும் மாப்பிள்ளை, இது என்ன மண்டு மாதிரி முழிக்குது" என்று சொன்னேன். அடுத்த ஞாயிறே மாற்றிக் கொடுத்தார். காசு கூட வாங்கவில்லை. இப்போது நடுத்துண்டு, கடைசித் துண்டு எதை அடித்தாலும் வருகிறது.

வருகிறதுதான். ஆனால் ஒன்றைக் கேட்டால் ஒன்பது வருகிறது. கழுதை.

மார்ச் 8, சனி

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் 'வெ' அடித்தேன். மேலே வெள்ளைக் குழாய், அடியில் வெந்நீர்க் குழாய். இரண்டு ஓட்டல்களுக்கு வெந்நீர்க் குழாய்ச் சீட்டு போட வேண்டியிருந்தது, இறங்கிப் பிடித்துப் போட்டேன். மூன்றாவது முறை 'வெ' அடித்தால் வெந்நீர் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது! மதியம் நர்சரிக்காரர்களுக்கு நாலைந்து சீட்டு. மறுபடி வெள்ளை மேலே. அரசியல்வாதி நாற்காலி கூட இவ்வளவு வேகமாக மாறாது.

சும்மா இருக்க முடியாமல் ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருபது தடவை அடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்தந்த நேரத்தில் அதிகம் போகிற சரக்கு மேலே ஏறுகிறது.

முன்பு அகர வரிசை. 'வெ'யில் தொடங்குவது எங்களிடம் இரண்டே சரக்கு. அதில் வெந்நீர்தான் என்றைக்கும் முதல். டைப்பிஸ்டம்மா திரையைப் பார்த்து அடிக்கிறவர் இல்லை. ஆர்டர்த் தாளைத் தாங்கியில் செருகிக்கொண்டு, கண் தாளிலேயே இருக்கும், விரல் தானாக ஓடும். 'வெ', என்டர். பதினோரு வருடமாக 'வெ', என்டர் என்றால் வெந்நீர்க் குழாய். அந்த வேகத்தைக் காட்டித்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் பெருமையடித்துக்கொண்டேன்.

கோடை பிறந்தது, தோட்டக்காரர்கள் வெள்ளையை அள்ளிப் போனார்கள், வெள்ளை மேலே ஏறிவிட்டது. அவர் கை மாறவில்லை. கைக்கு அடியில் இருந்ததை மாற்றிவிட்டார்கள்.

மாற்றிவிட்டார்களா? யார்?

மார்ச் 9, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மாப்பிள்ளையை என்ன செய்ய? காப்பியைக் குடித்துக்கொண்டே மெல்லக் கேட்டேன்.

"அதிகமா போறது மேலே வரும் மாமா. இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான். நேரம் மிச்சம்."

"யாருக்கு மிச்சம் மாப்பிள்ளை? பார்க்காம அடிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"பார்க்காம யாராவது அடிப்பாங்களா!"

"அடிக்கிறாங்களே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் என் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "உங்ககிட்ட சொன்னேனே மாமா. வரிசை இனிமே மாறும், டைப்பிஸ்டம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு. நான் சொல்லிக்கிறேன்னீங்க."

மகள் விடுவாளா? "அப்பா, இப்ப யாரைத் திட்டப் போறீங்க? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவா?"

பாதிக் காப்பியோடு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மாப்பிள்ளை சொன்னாரா? சொன்னார். கை கழுவிக்கொண்டே சொன்னார். தலையாட்டினேன். அத்தோடு மறந்தேன்.

மார்ச் 12, புதன்

ஒரு வாரமாக இந்த நோட்டில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நோட்டிடமே மறைக்கிறவன் எவ்வளவு கேவலமானவனாக இருக்க வேண்டும்.

குழாய் போன அன்றைக்கே சலவைக்கூட மேனேஜர் போன் பண்ணினார். "வெள்ளையா வந்திருக்கே, எப்பவும் சிவப்புதானே வரும், இது சரிதானா?" என்று கேட்டார். எதிரில் கம்பெனி ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார், விலை பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு அறுந்த எரிச்சல். "சீட்டுல என்ன இருக்கோ அதுதான் சரி. என் கிடங்குச் சரக்கு தப்பாப் போகாது, மாட்டுங்க" என்றேன்.

மாட்டினார்கள்.

எடிட்டர் ஒரு தப்பு செய்தது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு மனிதன் போன் பண்ணி வழி கொடுத்தான். அந்த வழியையும் அடைத்தது நான். பிறகு கிடங்கு நடுவில் நின்று ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன். சீ.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டுக் கட்டில் உள்ள வார்டு. மருந்து நெடி, ஈரத் துணி நெடி. அந்தப் பெண்ணின் காலுக்கு மேல் வளைந்த கம்பி வைத்துப் போர்வையைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள், துணி பட்டால் எரியுமாம். முப்பது வயதுகூட இருக்காது.

பழக் கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவளே கேட்டாள்: "டைப் அடிக்கிற அம்மா ஒருத்தங்க தப்பாப் போட்டுட்டாங்களாமே சார்? வேலையும் போயிடுச்சாமே. வேணும்னேவா செஞ்சிருப்பாங்க? திரும்பக் கூப்பிட்டுக்கோங்க சார்."

வெந்த கால்களோடு படுத்திருக்கிறவள் சிபாரிசு செய்கிறாள்.

வெளியே நடையில் மேனேஜர் காத்திருந்தார். தோளில் கை போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "போன் விஷயம் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. சந்தேகம் வந்தும் மாட்டினது நான்னு எங்க முதலாளிக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. அந்தம்மா தலையோட போகட்டும், நமக்கெதுக்கு?"

நமக்கு. அந்த 'நமக்கு' என் மேல் எச்சில் மாதிரி விழுந்தது. அவரை முறைத்துக் கையைத் தட்டிவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

டைப்பிஸ்டம்மா வீடு. மாடிப்படி குறுகல், கைப்பிடி ஆடுகிறது. கதவைத் திறந்தவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். படியிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன் — வரிசை மாறியது, மாப்பிள்ளை என்னிடம் சொன்னது, போன்.

முழுக்கக் கேட்டார்.

"பேப்பர்க்கடையில வேலை கேட்டுப் போனேன் முதலாளி. 'ஒரு பொண்ணு காலை வேக வெச்சது நீங்கதானே'ன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி என் பேரு கூடக் கேட்கலை."

"நான் போய்ச் சொல்றேன்."

"என்கிட்டச் சொல்லி என்ன? என்னைத் திட்டினப்ப என்கிட்ட மட்டுமா சொன்னீங்க? நானே பதினோரு நாளா என் விரலைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கேன். கை மறந்துடுச்சோ, வயசாயிடுச்சோன்னு." கதவில் கை வைத்தார். "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் சுட்டது.

மார்ச் 17, திங்கள்

சலவைக்கூட முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மேனேஜர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. முதலாளி பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உங்ககிட்ட இனி வாங்குறதா வேண்டாமான்னு யோசிக்கணும்" என்றார். நியாயம்தான். என் பெரிய வாடிக்கை அது. பத்து வருடம் நாயாய் அலைந்து பிடித்தது.

பேப்பர்க்கடைக்கும் போனேன். அங்கே இருந்தவர் சிரித்தார். "உங்க வாயால இப்படி ஒண்ணு கேட்பேன்னு நினைக்கலை" என்றார். நானும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் கிடங்கில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். என் தப்பு, டைப்பிஸ்டம்மா தப்பு இல்லை. கத்தும்போது வந்த குரல் சொல்லும்போது வரவில்லை. கிடங்குக்காரர், "பின்னாடி கேட்கலை முதலாளி" என்றார். வேண்டுமென்றே. மறுபடி சொன்னேன்.

மார்ச் 22, சனி

டைப்பிஸ்டம்மா வந்தார். வேலைக்கு இல்லையாம், பார்ப்பதற்கு. மாப்பிள்ளையையும் வரவழைத்திருந்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டைப்பிஸ்டம்மா கண்ணை மூடிக்கொண்டு 'வெ', என்டர் அடித்தார். கண்ணைத் திறந்தார். வெள்ளை.

"மாப்பிள்ளை சார், நீங்க பார்த்துப் பார்த்து அடிக்கிறவங்களுக்குச் செஞ்சிருக்கீங்க. உங்க மாமா மாதிரி ஒத்தை விரல் ஆளுங்களுக்கு."

"எனக்கு ரெண்டு விரல்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப பழையபடியே மாத்திடவா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. பாவம், முகம் தொங்கிவிட்டது.

"எதுக்கு? துண்டு அடிச்சா வர்றது நல்லாத்தான் இருக்கு. புதுசா வர்ற சரக்கு பேரு எனக்கும் பாதிதான் ஞாபகம் இருக்கும். ஆனா மேலே இருக்கிறது மேலேயே இருக்கணும். எது அதிகமா விக்குதுன்னு என் விரலுக்குத் தெரிய வேண்டாம். அப்புறம் இன்னொண்ணு — நடுத்துண்டு பொருந்தி வர்றதையும் ஆரம்பம் பொருந்தி வர்றதையும் ஒண்ணாக் கலந்து கொட்டியிருக்கீங்க பாருங்க, அரிசியில கல்லைக் கலந்த மாதிரி. பிரிச்சு வைங்க."

மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். படித்தவர், சம்பாதிப்பவர், என் பேச்சையே பாதிதான் கேட்பவர். அவர் எழுதி முடிக்கும் வரை டைப்பிஸ்டம்மா காத்திருந்தார், பிறகு அடுத்ததைச் சொன்னார். பதினோரு வருடம் பக்கத்து அறையில் இருந்தும், ஒரு நாளாவது 'உங்களுக்கு இது எப்படி இருந்தால் வசதி' என்று நான் கேட்டதில்லை. விலை மட்டும் எல்லாரிடமும் கேட்பேன்.

இரண்டு மணி நேரம் இருவரும் மல்லுக்கட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 24, திங்கள்

இஸ்திரிப் பெண்ணை நேற்று நடக்க வைத்துப் பார்த்தார்களாம். நாலு அடி. அவள் வேலைக்குத் திரும்பும் வரை அவள் வீட்டுச் செலவு என்னுடையது. சலவைக்கூட முதலாளி ஆர்டரை இன்னும் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டைப்பிஸ்டம்மா இன்று முதல் வருகிறார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன், அதே போதும், அது வேறு இது வேறு என்றார். முடிவானது இவ்வளவு: ஆரம்பம் பொருந்தும் பெயர்கள் மேலே, அகர வரிசையில், எவ்வளவு விற்றாலும் இடம் மாறாமல். நடுத்துண்டு பொருந்துபவை ஒரு கோட்டுக்குக் கீழே. அவற்றை என்டர் எடுக்காது, இறங்கிப் போய்த்தான் எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டுப் போன் பண்ணினால் பதில் சொல்வது டைப்பிஸ்டம்மா, நான் இல்லை. எடிட்டரில் ஒரு எழுத்தை மாற்றுவதானாலும் மாப்பிள்ளை அவரிடம் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் மாற்றம், நான் சரி என்றால் போதாது.