மாத்திரை தந்த வாசம்

வேங்கிக்கால்,
8.6.2025

என்னங்க,

ஓசூர் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் இரண்டு பேருமே வாயடைத்துப் போகிறோம். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வாசமே தெரியாமல் போனதற்குக் காரணம் சளி இல்லையாம், மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறதாம். டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும், தினமும் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரேயும் கொடுத்தார். நேற்றுக் காலை திடீரென்று பக்கத்து வீட்டுச் சாம்பார் மணத்தது. ஓடிப்போய் பீரோவைத் திறந்து கவிநிலாவின் பள்ளிச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டேன். இருந்தாள். காய்ச்சலில் நம் பெண் போய் ஒரு வருஷம் கழித்து, அப்படியே இருந்தாள்.

அழுகை வரவில்லை.

மதிவதனி

ஓசூர்,
30.8.2025

அன்புள்ள மதி,

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்கா போன் செய்தார். "மொகமே ஊதிப்போச்சுப்பா. தண்ணி தண்ணினு ஜாஸ்தி குடிக்குது. ஒருதரம் வந்து பாரு" என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரை அப்போதே முடிந்திருக்குமே. நீயாக வாங்கிச் சாப்பிடுகிறாயா? எதற்கென்று தெரியும். கோபம் இல்லை. எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை. நாளைக்கே டாக்டரிடம் போ.

செல்வன்

வேங்கிக்கால்,
12.9.2025

என்னங்க,

போனேன். வாசம் மங்க மங்கப் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஏறியிருக்கிறது.

டாக்டர் திட்டவில்லை. "மாத்திரை சீக்கிரம் கேக்கும், ஆனா நிலைக்காதுங்க. அடிக்கடி சாப்பிட்டா சர்க்கரை, எலும்பு, கண்ணுனு எல்லாத்தையும் கெடுக்கும். இப்ப சட்டுனு நிறுத்தவும் கூடாது, கம்மி பண்ணிட்டே வரணும். ஸ்பிரேல மருந்து ஒடம்புக்குள்ள போறது ரொம்பக் கம்மி. தெனமும் அடிங்க, மெதுவாத்தான் தெரியும்" என்றார். அதை நான் தொட்டதே இல்லை. இனி அடிக்கிறேன்.

இப்போது சட்டையில் ஒன்றும் இல்லை. போனது என் மூக்கா, சட்டையின் வாசமா, தெரியவில்லை.

மதிவதனி

ஓசூர்,
21.9.2025

அன்புள்ள மதி,

அவளுடைய தலையணை உறை என்னிடம் இருக்கிறது. இங்கே வரும்போது எடுத்துவந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. துவைக்கவும் இல்லை. தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது. ஆயுத பூஜை லீவில் கொண்டுவரட்டுமா?

செல்வன்

வேங்கிக்கால்,
26.9.2025

என்னங்க,

வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். கையில் கிடைத்தால் மறுபடியும் மருந்துக்கடைக்குப் போய் நிற்பேன்.

இன்று பால் தீய்ந்த வாசம் லேசாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

லீவுக்கு வெறுங்கையோடு வாருங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மதி