வெயில் விழாவில் விரித்த குடை

நலம் பெருகுக. பவழக்கோட்டையில் வீற்றிருந்து கடற்றுறைகளையும் ஏரிகளையும் காத்தருளும் அதிரதப் பெருமாள் திருமுன்பு, அவர்தம் வடதிசைத் தூதன் கொற்றங்காரி பனிக்கடல் நாட்டிலிருந்து தெண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். கோயில்தோறும் விளக்கும், களந்தோறும் நெல்லும், தேவரீர் தோளில் வாகையும் குறைவின்றி விளங்குக. இந்நாட்டு அரசியார் அசில்தா, தேவரீர் நலத்தை அன்போடு வினவினார். அடியேன் நலத்தை மட்டும் வினவினாரில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இவ்வோலை.

நம் மரக்கலம் புயலில் பாய்மரம் முறிந்து இக்கரையில் ஒதுங்கியது. கடல் உறையுமுன் புதுமரம் பெற்றாலன்றி மாலுமிகள் எவரும் வீடு காணார். அம்மரத்தை அரசியாரிடம் இரந்து பெறும் பொறுப்பு, கப்பலில் வேறெந்த வேலைக்கும் உதவாதவன் என்ற தகுதியால் அடியேனுக்கு வாய்த்தது.

அரசியார் எங்களைத் தம் நெடும்பகல் விழாவுக்கு அழைத்தார். கோடை நடுவில் வரும் அந்நாளில் இங்கே ஞாயிறு மறைவதேயில்லை. குன்றின்மேல் ஊரார் தழையும் பூவும் சூடி ஆடினர். உப்பிட்ட மீனும் புளித்த பாலும் வழங்கினர். அடியேன் பணிவோடு வாங்கி உண்டு, எவரும் பாராதபோது முகஞ்சுளித்தேன். கிழவரும் சிறுவரும் அண்ணாந்து முகத்தை வெயிலுக்குக் காட்டி நின்றது கண்டு, நிழலின் சுகம் அறியாத ஏழைகள் என்று இரங்கவும் செய்தேன்.

அப்போது அரசியார் கைக்குழந்தையோடு வெறுந்தலையாய் வெயிலில் வந்து நின்றார். குடைபிடிக்க ஓர் ஆளில்லாத அரசோ என்று அடியேன் நெஞ்சு பதைத்தது. வடதிசை அரசர்க்கெனத் தேவரீர் தந்தனுப்பிய முத்துக்குடையைக் கொடுக்க இதனினும் நல்ல வேளை வாயாதென்று, எவரையும் கேளாமல் ஓடிச்சென்று தாய்க்கும் மகவுக்கும் மேலாகக் கவித்து, இக்குளிர்நிழலில் நும் குலம் நெடிது வாழ்க என்று நம் அவையில் முழங்கும் அதே குரலில் முழங்கினேன். ஆரவாரிப்பார்கள் என்று சற்று நேரம் காத்து நின்றேன். ஒருவரும் அசையாதது கண்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மறுமுறையும் முழங்கினேன்.

முழவு நின்றது. பெண்டிர் சிலர் வாய்விட்டு அழுதனர். இந்நாட்டு மொழி அறிந்த, எம் கப்பலைச் செலுத்தும் மீகாமன் வல்லங்கிழான், அடியேன் கையிலிருந்து குடையைப் பறித்த பிறகு காரணம் உரைத்தான். இங்கே குளிர்காலத்தில் ஞாயிறு எழுவதேயில்லை. அவ்விருளில் பிறந்த மகவை இந்நாளில்தான் முறைப்படி வெயிலுக்குக் காட்டுவர். அவ்வேளை அதன் முகத்தில் நிழல் விழுந்தால், அடுத்த இருளை அது தாண்டாது என்று நம்புவர். அரசியார் முன்பு ஈன்ற பிள்ளைகள் இருவரும் இருட்காலத்திலேயே இறந்தனராம்.

அடியேன் மண்ணில் விழுந்து வணங்கினேன். அரசியார் வெகுளவில்லை, வெகுண்டிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, மரத்தை வெட்டிக்கொள்ளலாம், மாலுமிகளும் தாய் பெற்ற பிள்ளைகளே என்றார். நிழலைக் கொணர்ந்தவர் மட்டும் இங்கேயே தங்கி, வரும் இருட்காலம் கழிந்து ஞாயிறு மீளும்வரை தம் மகளின் தொட்டிலருகே நெருப்பு அவியாமல் காக்க வேண்டும் என்றும் பணித்தார்.

மீகாமன் அடியேனைப் பழம்பாய்க்குள் சுருட்டிக் கப்பலேற்றிவிடலாம் என்று இரகசியமாய்ச் சொன்னான். எந்தப் பாய்க்குள்ளும் அடங்காத உடம்பு இது என்பதைத் தேவரீர் அறிவீர். இருந்தும் முயன்றிருப்பேன். ஆனால் நேற்று நெருப்பு மூட்டிப் பழகப் போனபோது, புகையில் அடியேன் இருமிய இருமலைக் கேட்டு அக்குழந்தை சிரித்தது. அதன்பின் கப்பலேற மனம் ஒப்பவில்லை.

ஆகவே, தேவரீர் தந்த முத்திரை மோதிரத்தின் உரிமையால் துறைமுகத்தார்க்கு இடும் கட்டளையாவது: கப்பல் வந்து சேர்ந்ததும் மாலுமிகளை ஒன்றும் வினவாது வீட்டுக்கு விடுக. அடியேனை மீட்கப் பொன்னும் படையும் அனுப்பற்க. வீட்டில் ஒருநாளும் அடுப்பூதியறியாதவனை நம்பி ஒரு குழந்தை உறங்குகிறது என்று கேட்டால் அடியேன் மனைவி சிரிப்பாள். சிரித்து முடித்தபின், அக்குழந்தையின் பேரால் குலதெய்வத்துக்கு ஒரு விளக்கு ஏற்றச் சொல்க.

இது கொற்றங்காரி எழுத்து. மெழுகில் முத்திரை பதித்தேன். எழுத்து கோணியிருப்பது இவ்வூர்க் கோடைக் குளிரால் என்று அவையில் வாசிக்க. அச்சத்தால் என்பதைத் தேவரீர் மட்டும் அறிக.