பதினைந்து நாடுகளின் மௌனம்

மன்றோவியா, ஜூலை 9, 2007

மழை விடவில்லை. என் புருஷன் டோக்பாவுக்கு இன்றும் கஞ்சி இறங்கவில்லை. குடலில் கட்டி. அதை வெட்டியெடுக்கிற டாக்டர் கானாவில், அக்ராவில் இருக்கிறார். ஆனால் இவர் பெயர் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் பயணத் தடைப் பட்டியலில் இருக்கிறதே! போர்க்காலத்தில் இவர் துறைமுக அதிகாரி. மரம் ஏற்ற வந்த கப்பல்கள் துப்பாக்கி இறக்கிவிட்டுப் போக இவர்தான் கையெழுத்துப் போட்டார். சபை முடிவெடுத்தால் எல்லா நாட்டுக்கும் அது கட்டளை. கானாக்காரர்கள் பரிதாபப்படலாம், உள்ளே விட முடியாது.

ஜூலை 11

லைபீரிய அரசு இவருக்காக விதிவிலக்குக் கேட்டு எழுதியிருக்கிறது. வெளியுறவு அலுவலகத்தில் விளக்கினார்கள். தடைக் குழுவில் பதினைந்து நாடுகள். மனு எல்லோருக்கும் சுற்றுக்குப் போகும். வெள்ளிக்கிழமை மாலைவரை யாரும் வாய் திறக்காவிட்டால் அனுமதி. ஒரு நாடு முனகினாலும் நின்றுவிடும். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சும்மா இருந்தால் காரியம் நடக்குமா? எங்கள் ஊரில் எது வேண்டுமானாலும் ஆள் அனுப்பிக் காலைப் பிடிக்க வேண்டும். நியூயார்க்கில் இருக்கும் கொழுந்தன் டார்னுவுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு நாட்டு அலுவலகமாகப் போய்க் கெஞ்சு என்றேன்.

ஜூலை 13, வெள்ளி

காரியம் கெட்டது. டார்னு கோட்டு மாட்டிக்கொண்டு தேவாலயப் பெண்களோடு படியேறியிருக்கிறான். ஒரு நாட்டு அலுவலகத்தில் மனுவை யாரும் பிரித்தே பார்க்கவில்லையாம். இவன் போய் அழுததும் எடுத்துப் படித்தார்கள். இந்த ஆள் இப்போது எப்படி, பழைய கூட்டத்தோடு தொடர்பு உண்டா என்று குழுவுக்குக் கேள்வி எழுதிவிட்டார்கள். மனு நின்றுபோனது.

“அவங்க ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க அண்ணி. குடிக்கத் தண்ணிகூடக் குடுத்தாங்க.”

அவனைத் திட்டி என்ன பயன்? அனுப்பியவள் நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

ஜூலை 26

சுதந்திர தினம். தெருவெல்லாம் பாட்டு. டோக்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஜூலை 30

ஐ.நா. ஜீப் வந்தது. எங்கள் வீட்டுக்கு அல்ல — எதிரே, கார்மாய் வீட்டுக்கு. அந்தத் துப்பாக்கிகளுக்கு இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள். போர் முடிந்து நாலு வருஷம், இருவருக்கும் ஒரே கிணறு, என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. குழுவுக்குப் போன கேள்விக்காக டோக்பாவைப் பற்றி அவளிடம் விசாரிக்கிறார்கள். ஜன்னலோரம் நின்றேன். அவள் ஒன்று சொன்னால் போதும், இவர் கதை முடிந்தது. சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. ஐயோ, இருக்கத்தானே செய்கிறது.

ஆகஸ்ட் 3

கார்மாய் வாயே திறக்கவில்லையாம். வெளியுறவு அலுவலகத்தில் சொன்னார்கள். ஏன்? எதிராக எதுவும் கிடைக்காததால் மனு மறுபடி சுற்றுக்குப் போகிறது.

ஆகஸ்ட் 10, வெள்ளி

இன்று மாலை கெடு. “வாயில துணிய வச்சு அடைச்சுக்கடா” என்று டார்னுவிடம் சொல்லியிருந்தேன். ஜெபக் கூட்டம்கூட வேண்டாம் என்றேன். ஒரு நாடும் பேசவில்லை. அனுமதி!

ஆகஸ்ட் 14

டோக்பா நேற்று அக்ரா போய்ச் சேர்ந்தார். இன்று மரவள்ளிக் கீரைக் குழம்பு எடுத்துக்கொண்டு கார்மாய் வீட்டுக்குப் போனேன். நன்றி என்று ஆரம்பித்தேன்.

“நன்றி எதுக்கு? நான் மன்னிச்சேன்னு உனக்கு யார் சொன்னா?”

குழம்புச் சட்டியை நீட்டினேன்.

“உம் புருஷன் எப்படி, உம் புருஷன் எப்படின்னுதான் கேட்டாங்க. எம் புள்ளைங்களப் பத்தி ஒருத்தனும் கேக்கல. அதான் வாயத் தொறக்கல.”

குழம்பை அவள் வாங்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. பிள்ளைகள் பெயர் என்ன என்று கேட்டேன். நாலு வருஷத்தில் இன்றுதான் கேட்கிறேன்.

மூத்தவன் கெசெல்லி, இளையவன் முல்பா. உட்காரச் சொன்னாள். பொழுது சாயும்வரை அவர்களைப் பற்றியே சொன்னாள். நடுவில் டார்னுவின் போன் அடித்தது, நான் எடுக்கவில்லை.