மேலூர்காட்டுக்காரர்கள் வரும் முன்னே

என்றைக்கும் என் ஏனுங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்கள் போன பிறகும் வாய் வரவில்லை. மலையில் பனி இறங்கிவிட்டது, காப்பிப் பழம் சிவக்கிறது, நாகலூர் பஸ் இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. உங்கள் சட்டை ஆணியிலேயே தொங்குகிறது. எடுக்க மனசில்லை.

நம் பஞ்சாயத்து ஆபீசில் இப்போது மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை. நாலு மலையூர் சேர்ந்த சின்னப் பஞ்சாயத்து அது. அதற்கு நீங்கள்தான் கடைசித் தலைவர் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்ட நாளில் பாறைமேல் ஏறி, மேலூர்காட்டுப் பக்கம் பார்த்து நீளமாகக் கூவுவீர்களே, அது இன்னும் காதில் இருக்கிறது. அதுதான் கடைக்கோடி ஊர். பள்ளம் இறங்கி ஏறித்தான் வர வேண்டும். பதிலுக்குக் கூவினால் பாதி வழி வந்துவிட்டார்கள் என்று கணக்கு. நான் வரக்காப்பிக்கு உலை வைப்பேன், நீங்கள் கூட்டத்தைத் தொடங்கிவிடுவீர்கள். "கொரல் வந்துருச்சுல்ல, ஆளு வந்த மாதிரிதான் புள்ள" என்பீர்கள்.

அன்றைக்கும் குரல் வந்தது. பெரிய பஞ்சாயத்தோடு நம்மைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்க ஆபீசர் ஜீப்பில் வந்திருந்தார். ஒரே பனி. நீங்கள் கூவினீர்கள், பதில் வந்தது, கூட்டம் தொடங்கியது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய மேலூர்காட்டுக்காரர்கள் மட்டும் வந்து சேரவில்லை. அவர்கள் இல்லாமலே சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. வழியில் மரம் விழுந்து கிடந்ததாம். பதில் கூவியது எஸ்டேட்டில் பழம் பறித்தவர்கள். யார் கூவினாலும் திருப்பிக் கூவுவதுதானே நம் மலை வழக்கம்?

மறுநாள் மேலூர்காட்டுப் பெரியவர் வாசலில் நின்று, "ஏனுங்க தலைவரே, நாங்க வர்றதுக்குள்ள ஊரையே குடுத்துப்புட்டீங்களே" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் பாறைமேல் ஏறவே இல்லை. கடைசிவரை அதையே நினைத்து மருகினீர்கள். உங்களைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை.

ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. தேர்தல் வந்தது. பொம்பளைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று, அந்தப் பெரிய பஞ்சாயத்தில் நம் பக்கத்து மெம்பர் ஆகிவிட்டேன். முதல் கூட்டத்துக்கு பஸ் வரவில்லை. மேலூர்காட்டுப் பெண்களோடு நடந்தே போனோம். போய்ச் சேர்ந்தபோது டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "ஏனுங்கம்மா, இத்தன நேரமா? தண்ணி பைப்பு எந்தெந்த ஊருக்குன்னு பேசி முடிச்சாச்சுங்க" என்றார் கிளார்க். மேலூர்காடு அதில் இல்லை. அந்தப் பெண்கள் இன்னும் பள்ளத்து ஊற்றிலிருந்துதான் குடம் சுமக்கிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! "கடைசி ஊரு வராம எப்படிங்க முடியும்? மறுபடி பேசுங்க. பேசற வரைக்கும் நான் எந்திரிக்கறதா இல்லீங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் வேறு வழியில்லாமல் அடுத்த கூட்டத்தில் பேசுவதாக ஒத்துக்கொண்டார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை, மேலூர்காட்டு ஆளை முகத்துக்கு நேரே பார்க்காமல் அங்கே கூட்டம் தொடங்க விடமாட்டேன். குரலை மட்டும் நம்ப மாட்டேன்.

நேற்று அந்தப் பாறைமேல் நான் ஏறினேன். கூவினேன். எங்கிருந்தோ யாரோ திருப்பிக் கூவினார்கள். ஊருக்குத்தான் ஆள் வர வேண்டும். எனக்கு உங்கள் குரல் மட்டும் வந்தால் போதுமுங்க.

உலை வைத்துக் காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
பொன்னம்மா