இரண்டு பக்கமும் கழற்றிய பிரேக்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. சித்தி இறந்த அன்றைக்கு நானும் மாமாவும் ஏன் அவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம் என்று போனில் கேட்டாய், வண்டி ரிப்பேர் என்றேன். பொய் இல்லை. முழுசும் இல்லை. மாமா அப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நகக்கண்ணில் இருந்த கறுப்பை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார், எத்தனை சோப்புப் போட்டும் அது போகவில்லை. அவர் காதில் விழாமல் இந்த வீட்டில் எதையும் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சித்தியை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், பார்க்கிறவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று சித்தப்பா காலையில் போன் செய்தார். உன் அம்மா அழவில்லை. தலை சீவி, பையில் இரண்டு புடவை வைத்து, காரின் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கார்தான் தயாராக இல்லை. பின்பிரேக் கொஞ்ச நாளாகவே இரும்பும் இரும்பும் உரசுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது, சித்தி வீட்டுக்குப் போகிற பாதை முழுக்க இறக்கம், உனக்கே தெரியும். பட்டறை பூட்டிக் கிடந்தது. வாங்கி வைத்த புது பிரேக் ஷூக்கள் பெட்டி பிரிக்காமல் ஷெட்டில் இருந்தன. பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் அம்மா. பஸ் ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகும்க்கா, நானும் அத்தானும் உட்கார்ந்தா மத்தியானத்துக்குள்ள கிளம்பிடலாம் என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். பெண்டாட்டியின் தம்பி முன்னால் தெரியாது என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்.

இந்த டிரம் பிரேக் வேலையில் முக்கியமானது ஒன்றுதான். ஒரு பக்கத்தை முழுசாக முடிக்காமல் மறுபக்கத்தைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகளில் எது மேலே, எது கீழே, எந்தக் கொக்கி எந்த ஓட்டையில் என்பதெல்லாம் கழற்றிய மறுநிமிஷம் மறந்துவிடும், கழற்றாத பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியும். ஆனாலும் அவசரம். வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்தோம், அம்மாவை இறங்கச் சொன்னேன், நீங்க வேலையப் பாருங்க என்று வேண்டாவெறுப்பாக இறங்கி ஷெட் வாசலில் பையோடு நின்றாள். நான் வலது சக்கரத்தில் உட்கார்ந்தேன். அவர் இடது சக்கரத்தில். ஷூக்களை மூடியிருக்கும் டிரம் துருப்பிடித்து வர மறுத்தது, நான் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன், என்ன அத்தான், கொஞ்சிக்கிட்டு இருக்கீங்களா என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல். அவர் சுத்தியலால் போட்டு விளாசுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஹேண்ட் பிரேக்கப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஏண்டா அதை அடிக்கிறே என்று அம்மாதான் சொன்னாள். காருக்குள்ளே கைவிட்டு ஹேண்ட் பிரேக்கை அவளே எடுத்துவிட்டாள். டிரம் இரண்டும் கழன்று வந்தன. பழைய ஷூக்களில் லைனிங் என்று ஒன்று இருந்த தடமே இல்லை. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரே பேசினில் நானும் போட்டேன், அவரும் போட்டார். கழுவித் துடைத்துப் புது ஷூவைக் கையில் எடுத்தபோதுதான் மேல் ஸ்பிரிங் எப்படி இருந்தது என்று சந்தேகம் வந்தது. அவர் பக்கத்தைப் பார்க்க எழுந்து போனேன். அவர் என் பக்கத்தைப் பார்க்க எழுந்து வந்தார். டிக்கிக்குப் பின்னால் இருவரும் எதிரெதிரே நின்றோம். உங்க பக்கம் இருக்குன்னு நினைச்சேன் அத்தான் என்றார். நானும் அதையே சொன்னேன்.

அம்மா அன்றைக்குச் சிரித்தது அப்போது மட்டும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மூளைய வாடகைக்கு எடுத்திருக்கலாம் என்றாள். சிரித்து முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாடா தம்பி, கையக் கழுவிட்டு வா, பஸ்ஸைப் பிடிச்சிடலாம் என்றாள். நீ முன்னால போக்கா, நாங்க வண்டிய எடுத்துக்கிட்டு வழியிலயே உன் பஸ்ஸைத் தாண்டிடுவோம் என்றார் அவர். அவள் நகரவில்லை. அவ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கலடா என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. மாமா சக்கரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவள் போய்விட்டாள். நான் கேட்வரைகூடப் போகவில்லை, கையெல்லாம் கறுப்பு.

அப்புறம் மழை. ஷெட்டில் வெளிச்சம் போய்விட்டது. ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைக்கிற திருகு பக்கத்துக்கு ஒன்று, வலது வேறு, இடது வேறு, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பேசினில் அவையும் கலந்துவிட்டன. மாற்றிப் போட்டு, சக்கரம் சுற்றாமல், மறுபடி கழற்றினோம். ஸ்பிரிங் ஒன்று தெறித்து என் கட்டைவிரலைக் கிழித்தது, பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதே. சாயங்காலத்துக்கு முன்பே இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்துவிட்டன. சக்கரம் தாராளமாகச் சுற்றியது, மிதித்தால் நின்றது. கிளம்பலாம் மச்சான் என்றேன். சத்தம் சரியில்லை என்றார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சரியாக இருந்ததை அவர் மறுபடி கழற்றினார். துடைத்தார். மாட்டினார். இன்னொரு தடவை கழற்ற ஸ்பேனரை எடுத்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேலை முடிந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், மாமாவின் பெண்டாட்டி, உன் அத்தை, இறந்தபோது சித்தி எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தாள். இப்ப எதுக்கு வந்தே என்று மாமா வாசலிலேயே கேட்டார், அத்தனை பேர் முன்னால். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அதே கேள்வியை அவளிடமிருந்து கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. இருட்டில புது பிரேக்கை நம்பி மலையில இறங்க வேணாம் அத்தான், காலையில போவோம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நியாயங்கள் நிறையக் கிடைக்கின்றன. எனக்கும் அசதி, சரி என்றேன்.

காலையில் போனோம். அப்படி ஒரு நல்ல பிரேக்கை நான் மிதித்ததே இல்லை, வளைவுக்கு வளைவு வண்டி சொன்ன இடத்தில் நின்றது. சித்தி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் வெளியே நாற்காலிகள் போட்டிருந்தது தெரிந்தது. மாமா உடனே இறங்கவில்லை. இறங்கியதும் கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

அம்மா முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்திருந்தாள். சித்திக்கு நல்ல நினைவு இருந்திருக்கிறது, உன்னைப் பற்றிக்கூட விசாரித்தாளாம். அண்ணன் வரலையா என்று கேட்டிருக்கிறாள். வந்துட்டான்டி, வண்டிய நிறுத்திட்டு வர்றான் என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்தி வாசல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாளாம். அப்படியே இருந்திருக்கிறாள், கடைசி வரைக்கும். வீடு திரும்பிய பிறகு சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அம்மா என்னிடம் இதைச் சொன்னாள். அவனுக்குத் தெரியவே கூடாது என்றாள். ஒன்றுமே தெரியாமல் இருப்பதும் அந்த மனுஷனைத் தின்கிறது, நான்தான் பார்க்கிறேன். தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறார், மாடிக்குப் போகிறார். யார் போனையும் எடுப்பதில்லை. அம்மாவிடமும் என்னிடமும் எதுவும் கேட்பதில்லை. காரில் ஏறு என்றால் நடந்து போகிறார்.

நீ கூப்பிட்டால் எடுப்பார். உன்னை அவர் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மாதிரி நான்கூடத் திரிந்ததில்லை. அவ என்னைக் கேட்டாளா என்று யாரிடமாவது கேட்பார் என்றால் உன்னிடம்தான் கேட்பார், நீ தூரத்தில் இருக்கிறாய், முகம் பார்க்க வேண்டியதில்லை. அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள் என்றுதான் அவரும் நினைப்பார். அவர் கேட்டால், சித்தி கேட்டாள் என்று சொல். கோபமாகக் கேட்கவில்லை என்றும் சொல், அது நிஜம். வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள் என்பதைச் சொல்லாதே. ஒரு பாதியை மட்டும் எப்படித் தனியாகச் சொல்வது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை, நீ படித்தவள், உனக்குத் தெரியலாம். அம்மாவிடம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுது. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு, நீண்ட நாள் இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவைக் கூப்பிடு. முதல் தடவை எடுக்காவிட்டால் வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா